ஒரு மீட்டர் அறுபத்திரண்டு

நம்பமாட்டேன் என்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை. நானும் முதலில் நம்பவில்லை. ஆனால் இதைச் சொன்ன ஆள் என் சகலை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். கதை விடுகிற ஆட்கள் என்று எடுத்தால் எங்கள் குடும்பத்தில் நாலு பேர் தேறுவார்கள், அதில் நானும் ஒருவன். சகலை அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். "சாப்பாடு எப்படி இருக்கு மாப்பிள்ளை?" என்று மாமியார் ஆசையாகக் கேட்டால்கூட, "உப்பு கொஞ்சம் கம்மி" என்று உள்ளதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிற ரகம். அவர் என் முன்னால் உட்கார்ந்து சொன்னது இது. ஒரு வார்த்தைகூட நான் கூட்டவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் ராத்திரி, இருட்டு, நாய் ஊளை... அப்படித்தானே கேட்டுப் பழகியிருக்கிறோம்? இது நடந்தது பட்டப்பகலில். மண்டையைப் பிளக்கும் வெயில். கூப்பிடுகிற தூரத்தில் ஆட்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அங்கே இருண்டது என்று எதுவுமே இல்லை.

சகலை ஒரு சமையல் எண்ணெய் ஆலையில் வேலை பார்க்கிறார். தொட்டிகளில் எண்ணெய் மட்டம் காட்டும் கருவிகள் அவர் பொறுப்பு. நம் வீட்டு மாடித் தொட்டி மாதிரி எட்டிப் பார்த்து, "பாதி இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்குகிற சமாச்சாரம் இல்லை. ஒவ்வொன்றும் இரண்டு மாடி, மூன்று மாடி உயர இரும்புத் தொட்டி. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்ல வேண்டும். பழைய வழி, மேலே ஏறி, நுனியில் பித்தளைக் குண்டு தொங்கும் அளவு நாடாவை உள்ளே இறக்கி, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பது. புது வழி ரேடார். தொட்டியின் கூரையில் உட்கார்ந்துகொண்டு கீழே பார்த்து அலை அனுப்பும். அது எண்ணெயில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்து மட்டத்தைச் சொல்லும். கிணற்றுக்குள் கத்தினால் நம் குரல் திரும்பி வருகிறதே, அதே சங்கதிதான். கையில் பிடிக்கிற சின்னத் திரை ஒன்று உண்டு. அதை ரேடாரோடு இணைத்தால், திரும்பி வருகிற எதிரொலியெல்லாம் கோடாக ஓடும். எந்த உயரத்தில் ஏதாவது இருக்கிறதோ, அந்த இடத்தில் கோடு எழும்பி மேடு கட்டும்.

இந்த ரேடாருக்கு ஒரு கெட்ட பழக்கம். தொட்டிக்குள் ஏணியோ, குழாயோ, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியோ எது இருந்தாலும் அதையும் எண்ணெய் என்று நினைத்துக்கொள்ளும். அதனால் தொட்டி காலியாக இருக்கும்போதே அதற்குப் பாடம் எடுத்துவிடுவார்கள். 'இதோ தெரியுதே, இது ஏணி. இனிமே இதைக் கண்டுக்காதே.' ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அன்றோடு அந்த இடத்தில் இருக்கிற பொருள் அதன் கண்ணில் படாது. மேப்பிங் என்று இதற்குப் பெயர். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது பல் விளக்குகிற மாதிரி. யோசித்தெல்லாம் செய்யமாட்டார்கள்.

சகலையின் ஆலைக்குப் புதுத் தொட்டி ஒன்று வந்தது. புதுசு என்பது பேச்சுக்கு. எங்கேயோ மூடிப்போன ஆலையிலிருந்து ஒரு தரகர் பிடித்துக் கொடுத்தது. எட்டு மீட்டர் உயரம். நீளமான லாரியில் படுக்கப்போட்டுக் கொண்டுவந்து, நிமிர்த்தி நிறுத்தி, வெள்ளைச் சாயம் அடித்தார்கள். கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. சகலை அதன் தலையில் புது ரேடாரைப் பொருத்தினார்.

காலித் தொட்டி. திரையில் பூஜ்யம் வர வேண்டும்.

1.62 என்று வந்தது.

ஒரு மீட்டர் அறுபத்திரண்டு சென்டிமீட்டர். தரையிலிருந்து அந்த உயரத்தில் கோடு மேடு கட்டி நின்றது. சகலை பயப்படவில்லை. பயப்பட என்ன இருக்கிறது? பழைய தொட்டி, வெட்டாமல் விட்ட கம்பி ஏதாவது இருக்கும் என்று நினைத்தார். கூரையில் நாடா இறக்குவதற்கென்று ஒரு மூடி உண்டு. அதைத் திறந்து, விளக்கைப் பிடித்து எட்டிப் பார்த்தார். வழவழவென்று சுத்தமான தரை. நடுவில் ஒன்றுமே இல்லை.

சரி, கருவியில்தான் கோளாறு, கையால் பார்த்துவிடலாம் என்று நாடாவை இறக்கினார். எட்டு மீட்டர் போக வேண்டிய நாடா. ஆறு மீட்டர் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிற்று, அப்புறம் தொய்ந்துவிட்டது. குண்டு எதன் மேலோ உட்கார்ந்துவிட்டது. இரும்பில் பட்டால் 'டங்' என்று கேட்கும். கேட்கவில்லை. மெத்தையில் வைத்த மாதிரி இருந்ததாம்.

மேலே இழுத்துவிட்டு மறுபடி இறக்கினார். இப்போது நேராகத் தரைக்குப் போயிற்று. டங்.

முதல் தடவை நாடா முறுக்கிக்கொண்டிருக்கும் என்று முடிவு கட்டினார். வேறு என்ன சொல்ல முடியும்? கீழே மேனேஜர் வேறு, "முடிஞ்சுதா? முடிஞ்சுதா?" என்று கல்யாண வீட்டுச் சமையல்காரரை விரட்டுவது போல விரட்டிக்கொண்டிருந்தார். சகலை அந்த மேட்டைத் திரையில் பார்த்தார். கண்ணால் பார்த்தாயிற்று, நாடாவாலும் பார்த்தாயிற்று, அங்கே ஒன்றும் இல்லை. கருவிதான் இல்லாததைப் பார்க்கிறது.

பொத்தானை அழுத்தினார்.

திரை பூஜ்யத்துக்கு வந்தது. கீழே இறங்கிக் கைகழுவிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அடுத்த வாரம் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒழுகுகிறதா என்று சோதித்தார்கள். ஒழுகவில்லை. தண்ணீரை வடித்தாயிற்று. இனி உள்ளே ஆள் இறங்கி, மூலை முடுக்கெல்லாம் ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டால் எண்ணெய் ஏற்றலாம். அந்தத் துடைக்கிற வேலைக்கு வந்தவன்தான் எங்கள் மச்சினன்.

எங்கள் என்றால் எங்கள் இரண்டு பேருக்கும்தான். அக்கா தங்கை இருவருக்கும் ஒரே தம்பி. வயது முப்பத்துநாலு. பனைமரத்தில் பாதி உயரம் என்று நான் கிண்டல் செய்வேன். இரண்டு பெண் குழந்தைகள். பார்த்துக்கொண்டிருந்த வேலை போய் ஆறு மாதம் வீட்டில் முடங்கிக் கிடந்தவனை, தொட்டி சுத்தம் செய்யும் குழுவில் சகலைதான் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து மைத்துனி, அதாவது சகலையின் மனைவி, தினமும் காலையில் அவரிடம் ஒரே பாட்டு. "நீங்க சொல்லித்தான் அவன் அந்த இரும்புக் கூண்டுக்குள்ள இறங்குறான். எனக்கு இருக்கறது ஒரே தம்பி. அவன் முழுசா வெளிய வரணும்." சகலையும் தினமும், "நான் மேல இருக்கும்போது அவனுக்கு ஒண்ணும் ஆகாது" என்பார். ஒருநாள்கூட இதை விளையாட்டாகச் சொன்னதில்லை.

தொட்டிக்குள் இறங்குகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. எப்போதும் இரண்டு பேராகத்தான் இறங்குவார்கள். இரண்டு பேராகத்தான் வெளியே வருவார்கள். ஒருவனுக்கு ஒன்றுக்கு வந்தால் மற்றவனும் கூடவே வெளியே வந்து வெயிலில் நிற்க வேண்டியதுதான். கூடப் போனவனை உள்ளே விட்டுவிட்டு வந்தவனோடு அப்புறம் யாரும் சேர்ந்து இறங்கமாட்டார்கள். சண்டை, சமாதானம் எதுவும் கிடையாது. சேர்க்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கு மச்சினனின் கூட்டாளிக்குக் காய்ச்சல். "வேற ஆள் அனுப்புறேன், நீ ஆரம்பி" என்று மேஸ்திரி போனில் சொல்லியிருக்கிறார். தொட்டியின் அடியில், பக்கவாட்டில், ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு வட்டமான வாசல். அங்கே காவலுக்கு நின்றவரை எல்லோரும் விசில் என்று கூப்பிடுவார்கள். பாதுகாப்பு வேலை. கழுத்தில் எப்போதும் ஊதல் தொங்கும். பெண் பார்க்கப் போனபோதுகூடக் கழற்றவில்லை என்று ஊரெல்லாம் சிரிப்பு. உள்ளே காற்று நல்ல காற்றுதானா என்று விசில் சோதித்தார். மச்சினன் இடுப்பில் கயிறு கட்டினார். மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

"ஒருத்தர்தானா?" என்றார்.

"இன்னொருத்தர் வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டு மச்சினன் விளக்கோடு உள்ளே நுழைந்தான்.

அப்போது மணி சரியாகப் பன்னிரண்டரை. சாப்பாட்டுச் சங்கு ஊதியது. சகலை கூரையில் இருந்தார். மச்சினன் துடைத்து முடித்ததும் கடைசியாக ஒருதரம் மட்டம் பார்த்து, பூஜ்யம் என்று சொல்ல வேண்டும். கையில் திரை. நாடா இறக்கும் மூடி திறந்திருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் தரையில் தட்டு அளவு இடம் மட்டும் தெரியும். மச்சினன் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் வரும்.

சர்ரக்... சர்ரக்... துணி தரையில் தேய்கிற சத்தம்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் சகலைக்கு உறைத்தது. அந்தச் சத்தம் இரண்டு இடத்திலிருந்து வந்தது. வாசல் பக்கம் ஒன்று. எதிர்ப்பக்கம் இன்னொன்று. ஒன்று ஓயும்போது மற்றொன்று கேட்டது. எதிரொலியாக இருக்கும் என்று விட்டுவிட்டார். இரும்புத் தொட்டியில் தும்மினாலே நாலு தும்மல் கேட்கும்.

பிறகு மச்சினன் யாரிடமோ பேசினான்.

"ஆமாண்ணே... மேல இருக்கறது எங்க மாமாதான்."

விசிலோடு பேசுகிறான் என்று சகலை நினைத்தார். கீழே விசில், வார்த்தை சரியாகக் கேட்காமல், இவன் மேலே இருக்கிற மாமாவோடு பேசுகிறான் என்று நினைத்திருக்கிறார். இதை அப்புறம்தான் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் திரையில் எண் மாறியது.

0.01

ஒரு சென்டிமீட்டர். ஏதாவது ஈரமாக இருக்கும் என்று நினைத்தார். திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

0.04

0.11

மூடி வழியாக எட்டிப் பார்த்தார். தட்டு அளவு தரை. காய்ந்து கிடந்தது. விளக்கு வெளிச்சத்தில் அதில் இருந்த தூசிகூடத் தெரிந்தது. தொட்டிக்கு வருகிற குழாய் எல்லாவற்றையும் அடைத்துப் பூட்டியாயிற்று. பூட்டின சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. தொட்டிக்குள் ஒரு சொட்டு வர வழியில்லை.

0.25

மட்டம் ஏறிக்கொண்டிருந்தது. காய்ந்த தரையில்.

கருவிக்காரர் மூளை கருவிப் பக்கம்தானே போகும்? அன்றைக்குச் செய்த மேப்பிங்தான் குழப்புகிறது என்று நினைத்தார். அதை நீக்கிவிட்டால் கருவி உள்ளதை உள்ளபடி காட்டும். நீக்கினார்.

கோடு ஒரு கணம் படுத்தது. பிறகு எழுந்தது.

ஏறுகிற மட்டத்துக்கு மேலே இரண்டு மேடு.

ஒன்று 1.78-இல். அது மச்சினன். ரேடாருக்கு நேர் கீழே வந்து நிற்கிறான் போல. அவன் உயரம் சகலைக்குத் தெரியும். இன்னொன்று...

1.62

சகலை பார்த்துக்கொண்டே இருந்தார். மச்சினன் குனிந்தான் போல, 1.78 மேடு இறங்கியது. 1.62-ம் இறங்கியது. சர்ரக்... சர்ரக்... பிறகு ஒன்று நிமிர்ந்தது. மற்றதும் நிமிர்ந்தது.

கம்பி குனியாது. வெல்டிங் நிமிராது.

 அந்த வெயிலில் அவருக்கு முதுகு சில்லிட்டது. கூரை விளிம்புக்கு ஓடிக் கீழே பார்த்துக் கத்தினார்.

"விசிலு! உள்ள எத்தன பேரு?"

"ஒருத்தர்தான் சார்."

"வேற ஆள் போனாங்களா?"

"ஈ காக்கா போகல. நான் இங்கதான நிக்கறேன்."

"அவன வெளிய கூப்பிடு. உடனே!"

விசில் ஊதினார். வெளியே வா என்பதற்கான நீண்ட ஊதல். இரண்டு தடவை. மச்சினன் வரவில்லை. சகலை மூடியருகே மண்டியிட்டுத் தலையை உள்ளே நீட்டினார். முதலில் மூக்கில் ஒரு வாடை ஏறியது. பழைய எண்ணெய். நாள்பட்டு, சிக்கு அடிக்கிற எண்ணெய். அந்தத் தொட்டி அவர்கள் ஆலைக்கு வந்து தண்ணீரைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

"டேய்! வெளிய வாடா!"

"மாமா..." குரல் மெதுவாக வந்தது. "கால் கனக்குது மாமா."

திரையில் மட்டம் 0.70.

"நடக்க முடியல. என்னமோ சேத்துல நிக்கற மாதிரி இருக்கு. ஆனா தரை காஞ்சுதான் கெடக்கு."

"விசிலு! கயித்த இழு!"

விசில் இழுத்தார். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் சோற்றுக் கையோடு ஓடிவந்து சேர்ந்து இழுத்தார்கள். கயிறு விறைத்தது. அங்குலம் நகரவில்லை. எண்ணெய்க்குள் கிடக்கும் மூட்டையை இழுப்பது போல இருந்தது என்று விசில் அப்புறம் சொன்னார்.

0.95

"இழுக்காதீங்க மாமா. அவரு இருக்காரு."

"எவரு?"

"மேஸ்திரி அனுப்பினவருதான். அப்பவே உள்ள தொடச்சுக்கிட்டு இருந்தாரே."

சகலை தலையை இன்னும் உள்ளே நீட்டினார்.

"யாரும் உள்ள வரலடா. நீ வாடா!"

"எப்படி மாமா... கூட இருக்கறவர விட்டுட்டு எப்படி வர்றது?"

1.15

மச்சினன் இருமினான். வாயில் தண்ணீர் போனவன் இருமுகிற இருமல்.

1.30

"மாமா... நெஞ்சு அடைக்குது..."

எங்கள் மச்சினன். இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பன். காய்ந்த தொட்டிக்குள் நின்றுகொண்டு மூழ்கிக்கொண்டிருந்தான். எட்டு மீட்டர் உயரத்தில் இவர் கையில் எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. குதிக்கவும் முடியாது. அந்த மூடியில் தலைதான் நுழையும். இதைச் சொல்லும்போது சகலை என் முன்னால் விக்கி விக்கி அழுதார். "அவன் அக்கா மூஞ்சியில எப்படிடா முழிப்பேன்னுதான் தோணுச்சு" என்றார்.

1.42

"மாமா..."

"சொல்லுடா!"

"அவரு ஒண்ணு கேக்கறாரு."

"என்ன?"

உள்ளே ஏதோ முணுமுணுப்பு. மச்சினன் குரல் இல்லை. பிறகு மச்சினன், மூச்சு வாங்கிக்கொண்டு...

"மேல இருக்கறவருக்குத் தன்னையத் தெரியுதான்னு கேக்கறாரு."

1.50

சகலை திரையைப் பார்த்தார்.

1.62 மேடு அசையாமல் நின்றது. இன்னும் ஒரு சாண் உயரமில்லை. மட்டம் வந்து அதை மூடிவிடும்.

1.55

பொத்தான் ஞாபகம் வந்தது. ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனது ஞாபகம் வந்தது.

1.58

தலையை உள்ளே விட்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"தெரியுது! நல்லாத் தெரியுது! ரெண்டு பேருமே தெரியறீங்க!"

1.60

"ஐயா... நீங்களும் வாங்க! ரெண்டு பேரும் வெளிய வாங்க!"

1.61

நின்றது.

இரும்பு முழுக்க அமைதி. சர்ரக் இல்லை. இருமல் இல்லை.

1.61...

1.40

0.90

இறங்கியது. ஏறினதைவிட வேகமாக இறங்கியது. கீழே கயிறு படக்கென்று தளர்ந்து, இழுத்துக்கொண்டிருந்த மூன்று பேரும் மல்லாக்க விழுந்தார்கள்.

மச்சினன் தானாகவே நடந்து வாசலுக்கு வந்தான். குனிந்து வெளியே வந்தான். முகம் வெளுத்திருந்தது. வந்தவன் விலகி நிற்கவில்லை. திரும்பி, வாசலுக்குள் கையை நீட்டினான்.

"பாத்து வாங்கண்ணே... தலை இடிக்கும்."

எதையோ பிடித்து இழுக்கிற மாதிரி கையை இழுத்தான். விசில் ஓரடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் யாரும் இல்லை. ஆனால் மச்சினனின் கை, யாரோ எடை கொடுத்துப் பிடித்தது போலத் தாழ்ந்து, பிறகு நிமிர்ந்ததாம்.

மேலே சகலையின் கையில் திரை 0.00 காட்டியது. மேடு ஏதும் இல்லை. வெறும் கோடு.

அவர் ஏணியில் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. மச்சினனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மச்சினன் உடம்பில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. வலது உள்ளங்கையில் மட்டும் பிசுக்கென்று எண்ணெய். அந்தச் சிக்கு வாடை. அவன் சுற்றும்முற்றும் பார்த்தான்.

"எங்க மாமா அவரு? இப்பத்தான வெளிய வந்தாரு?"

 சோற்றுக் கையோடு நின்ற இரண்டு பேரில் ஒருவர் மெல்ல நழுவிப் போனார். ஆள் எப்படி இருந்தார் என்று கேட்டதற்கு மச்சினன் சொன்னது இவ்வளவுதான்: "என் காது உயரம் இருப்பாரு. நல்லாத் தொடைக்கறாரு. பேச்சே இல்ல. அந்த ஒரு கேள்விதான் கேட்டாரு."

சகலை அன்று அவனைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். மைத்துனிக்கு அப்போது எதுவும் சொல்லவில்லை. தம்பிக்கு இரண்டு தட்டு சோறு போட்டு, "ஏன்டா இப்படிப் பேயறஞ்ச மாதிரி இருக்கே?" என்று அவள் கேட்டபோது இரண்டு பேரும் தலையே தூக்கவில்லையாம்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். பயந்தது இரண்டு பேர், பிழைத்தது ஒருவன், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று விட்டிருப்பேன். ஆனால் சகலைக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தொட்டி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இனி அதன் மேல் ஏறமாட்டேன் என்றார். தரகருக்குப் போன் போட்டார். தரகர் முதலில், "வண்டியில இருக்கேன்" என்றார். மறுநாள், "சிக்னல் இல்ல" என்றார். ஒரு வாரம் விடாமல் துரத்தியபிறகு, ஒரு காலையில் அவரே கூப்பிட்டார். சகலை போனை ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்தில் நான் இருந்தேன். அதனால் இதை மட்டும் என் காதால் கேட்டேன்.

அந்த மூடிப்போன ஆலையில், பல வருஷத்துக்கு முன்னால், அதே தொட்டியில் இரண்டு பேர் துடைக்க இறங்கியிருக்கிறார்கள். முடித்து இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். ஒருவர் மட்டும் மறந்து வைத்த விளக்கை எடுக்க மறுபடி உள்ளே போயிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நிமிஷ வேலைதானே. அந்த நேரம் பார்த்து, மேலே கூரையில் ரேடார் பார்த்துக்கொண்டிருந்தவர் திரையில் ஒரு மேட்டைப் பார்த்தார். காலித் தொட்டியில் என்ன மேடு? ஏதோ கம்பி என்று பொத்தானை அழுத்திவிட்டார். பூஜ்யம் வந்தது. காலி என்று கீழே சொன்னார். வாசலை மூடினார்கள். பம்பைப் போட்டார்கள்.

"எண்ணெய் ஏற ஏறத் தட்டியிருப்பாரு சார்" என்றார் தரகர். "பம்பு சத்தத்துல யாருக்குக் கேக்கும்?"

சகலை போனை அருகே இழுத்தார். அப்புறம் கேட்டார்.

"மேல இருந்தாரே, அந்த ஆள்... இப்ப எங்க இருக்காரு?"

"வேலைய விட்டுட்டு மகன் வீட்டுல இருந்தாரு. ரொம்பத் தூரத்து ஊரு. அதனாலதான் சார் நான் போன எடுக்கல. அவரு போயிட்டாரு."

"எப்ப?"

தரகர் நாளைச் சொன்னார். மச்சினன் தொட்டியிலிருந்து வெளியே வந்த அதே நாள். மதியம், மருமகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரம். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருக்கிறார். தண்ணீரில் மூழ்கினவர் மாதிரி மூச்சு முட்டியிருக்கிறது என்றாராம் டாக்டர். சட்டை வேட்டியெல்லாம் காய்ந்துதான் இருந்தது. வாயிலிருந்து மட்டும் எண்ணெய் வழிந்திருந்தது.

சகலை என்னைப் பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. வெளியே வாங்க என்று கூப்பிட்டது இவர். மச்சினனைக் காப்பாற்ற வேறு வழியே இருக்கவில்லை. ஆனாலும் கூப்பிட்டது இவர்தான்.

"அன்னைக்கு அவரைத் தேடி யாராவது வந்தாங்களா?" என்று சகலை கேட்டார். 

"அதத்தான் சார் அந்த மருமகப் பொண்ணு சொல்லிச் சொல்லி அழுதுச்சு. காலிங் பெல் அடிச்சுதாம். பெரியவரு எழுந்து போயிக் கதவத் திறந்தாராம். 'யாரு மாமா?'ன்னு இவ உள்ள இருந்து கேட்டிருக்கா. அவரு கொஞ்ச நேரம் வாசலையே பாத்துக்கிட்டு நின்னுட்டு, கதவ மூடினாராம்."

"என்ன சொன்னாராம்?"

"'யாரும் இல்லம்மா'ன்னு சொன்னாராம் சார்."